பொன்னியின் செல்வன் 2: அறுத்துவிட்ட ஒரு புரி

போன பதிவு மரவள்ளி விலையைப் பத்தி. இந்தப் பதிவு சினிமாவைப் பத்தி. வெள்ளாமை செய்யறவனுக்கு சினிமா விமர்சனம் எதுக்குன்னு கேக்கலாம். டிக்கெட் எனக்கும் உங்களுக்கும் ஒரே விலைதானுங்களே.

மணிரத்னம் எடுத்த 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் 2022 செப்டம்பர் 30ல வந்தது. ரெண்டாம் பாகம் ஏழு மாசம் கழிச்சு, 2023 ஏப்ரல் 28ல வந்தது. இப்ப டிவியில அப்பப்போ போடறாங்க. ரெண்டாம் பாகம் முடியற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒரே குறைதான் மிஞ்சுது. இத்தனை பேர் கதையை ஒண்ணாச் சேர்த்துப் பின்னின இயக்குநர், அதுல சாதாரண சனத்துக்குன்னு இருந்த ஒரே கதையை அறுத்து வெளியில போட்டுட்டார். அறுத்தது நீளத்துக்காகவும் இல்ல, சரித்திரத்துக்காகவும் இல்லைங்கிறது என்னோட கட்சி. ஏன்னு சொல்றேன்.

முதல்ல கயிறு திரிக்கறதைப் பத்திக் கொஞ்சம். எங்க சேலம், நாமக்கல் பக்கம் அந்தக் காலத்துல கத்தாழை நாரை அடிச்சு, காயவெச்சு, வீட்டுலயே கயிறு திரிப்பாங்க. முதல்ல மூணு புரி. ஒவ்வொரு புரியையும் தனித்தனியா ஒரு பக்கமா முறுக்கணும். அப்புறம் மூணையும் சேர்த்து எதிர்ப்பக்கமா முறுக்கணும். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவுத்துக்கத்தான் பாக்கும், ஆனா மத்த ரெண்டும் அதை விடாது. அந்த இழுபறியிலதான் கயித்துக்கு பலம். ஒரு புரி குட்டையாப் போச்சுன்னா பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியாது. மாடு ஒரு இழுப்பு இழுக்கும்போதுதான் தெரியும்.

பல கிளைக்கதை உள்ள பெரிய கதையும் இதே மாதிரிதானுங்க. கல்கி இந்த நாவலை 1950ல இருந்து 1954 வரைக்கும் வாராவாரம் எழுதினார். அஞ்சு பாகம். எத்தனை புரின்னு எண்ணிப் பாருங்க. நந்தினி மேல இருந்த ஆசையும் வீரபாண்டியன் தலையை வெட்டின பாவமும் அரிச்சுத் தின்னுட்டிருக்கிற ஆதித்த கரிகாலன் ஒரு புரி. கிழவர் பெரிய பழுவேட்டரையரைக் கட்டிக்கிட்டு, சோழ வம்சத்தையே அழிக்கக் காத்திருக்கிற நந்தினி ஒண்ணு. ஓலையைத் தூக்கிட்டு ஊர் ஊரா ஓடற வந்தியத்தேவன் ஒண்ணு. ஈழத்துல போருக்குப் போயி, கடல்ல மாட்டி, நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துல காய்ச்சலோட கிடக்கிற அருள்மொழிவர்மன் ஒண்ணு. பேசாத மந்தாகினியும், படுக்கையில கிடக்கிற சுந்தர சோழரும் ஒண்ணு. ரவிதாசன் கூட்டத்தோட சதி ஒண்ணு. அரியணைக்கு அலையற மதுராந்தகன் ஒண்ணு. அப்புறம், தஞ்சாவூர்ல பூந்தோட்டம் போட்டு, கோயிலுக்குப் பூ கட்டிக் கொடுக்கிற சேந்தன் அமுதன்.

இதை எம்.ஜி.ஆர். 1958லயே எடுக்கறேன்னு அறிவிச்சும் நடக்கலை. எடுக்க முடியாத கதைன்னு பேர் வாங்கினதை எடுத்து முடிச்சதுக்கே மணிரத்னத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். ரெண்டாம் பாகத்துல நல்லா முறுக்கேறின இடமும் இருக்குது. சின்ன வயசு கரிகாலனும் நந்தினியும் சந்திக்கறதுல படத்தை ஆரம்பிச்சது சரியான முடிவு. நாவல்ல அங்கங்கே தூவிக் கிடக்கற பழங்கதையை முன்னாடி கொண்டுவந்து வெச்சுட்டதால, கடம்பூர் மாளிகையில ரெண்டு பேரும் நேருக்கு நேர் நிக்கும்போது நமக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியதில்ல. விக்ரமும் ஐஸ்வர்யா ராயும் நிக்கற அந்த அறைக்குள்ள படம் அவசரப்படலை. அங்க கயிறு கெட்டியா இருக்குது.

கரிகாலனை யார் கொன்னாங்கன்னு கல்கியும் தெளிவாச் சொல்லலை, படமும் ஒரு மாதிரி மூடித்தான் வெச்சிருக்குது. அது தப்பில்ல. அந்தக் கொலையைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச பெரிய சாட்சி எதுன்னு தெரியுமுங்களா? காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயில்ல இருக்கற ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு. ரவிதாசன், சோமன், பரமேசுவரன்னு துரோகிங்க பேரு அதுல இருக்குது. ஆனா அது கொலை வழக்குத் தீர்ப்பு இல்லீங்க. துரோகிங்க, அவங்க சொந்தக்காரங்களோட நிலத்தைப் பிடுங்கி வித்த விவரம். ஆயிரம் வருஷம் கழிச்சு ஒரு இளவரசன் கொலை நமக்குத் தெரியவர்றது ஒரு நிலக் கிரயத்துல இருந்துதான். பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் தாலுக்கா ஆபீஸ் படி ஏறி இறங்கறவங்களுக்கு இதுல ஆச்சரியம் ஒண்ணும் இருக்காது.

சரி, அறுத்த புரிக்கு வர்றேன். நாவல் படிக்காதவங்களுக்காகச் சுருக்கமாச் சொல்லிடறேன்.

சேந்தன் அமுதனோட அம்மா வாணி, வாய் பேச முடியாதவங்க. ரெண்டு பேரும் தஞ்சாவூர்ல ஒரு தோட்டத்து வீட்டுல இருக்காங்க. பூப் பறிச்சு, மாலை கட்டி, கோயிலுக்குக் கொடுக்கறதுதான் தொழில். வந்தியத்தேவன் ஊருக்குப் புதுசா வந்தப்ப இடம் கொடுத்து, சோறு போட்டு, அவனுக்காக அடி உதையும் சிறையும் பட்டது இந்தப் பையன்தான். கோடிக்கரையில படகு ஓட்டற பூங்குழலி இவனுக்கு மாமன் மகள். அவ மேல இவனுக்கு உசுரு. அவளோ இளவரசரை நினைச்சுக்கிட்டு இவனைத் திரும்பியும் பாக்க மாட்டா.

அஞ்சாம் பாகத்துல முடிச்சு அவிழுது. செம்பியன் மாதேவி பெத்த பிள்ளை செத்துப் பொறந்துதுன்னு நினைச்சு, புதைக்கச் சொல்லி வாணி கையில கொடுத்திருக்காங்க. குழந்தை உசுரோட இருக்கறதைப் பாத்து வாணி தானே எடுத்து வளர்த்துட்டாங்க. அரண்மனையில மதுராந்தகன்னு வளர்ந்தவன் மந்தாகினி பெத்த பிள்ளை, நந்தினி கூடப் பொறந்தவன். அப்ப கண்டராதித்தரோட நெசமான வாரிசு யாரு? பூக் கட்டற சேந்தன் அமுதன். இது தெரியறதுக்கு முன்னாடியே பூங்குழலி அவனைக் கட்டிக்கச் சம்மதிச்சுட்டா. அவனுக்கோ ராஜ்ஜியமே வேண்டாம், தோட்டம் போதும். கடைசியில பட்டாபிஷேகத்தன்னைக்கு, தனக்குச் சூட்ட வந்த கிரீடத்தை அருள்மொழிவர்மன் அமுதன் தலையில வெக்கறான். அஞ்சாம் பாகத்துக்குத் 'தியாக சிகரம்'னு பேர் வந்தது அதனாலதான்.

படத்துல இது இல்ல. சேந்தன் அமுதன்னு ஒரு ஆள் இருக்காரு, வந்த சுவடும் போன சுவடும் தெரியாது. அரண்மனையில வளர்ந்த மதுராந்தகனே, ரஹ்மான் நடிச்சவரே, உத்தம சோழனாகிடறார். அருள்மொழி கிரீடத்தை விட்டுக்கொடுக்கறது படத்துலயும் இருக்குது. ஆனா யாருக்கு விட்டுக்கொடுக்கறார்? இத்தனை நேரமும் அந்தக் கிரீடத்துக்காகச் சதி பண்ணின சித்தப்பாவுக்கு. கேட்டவனுக்குக் கொடுக்கறது ஒண்ணு, கேக்கவே கேக்காதவனுக்குக் கொடுக்கறது இன்னொண்ணு. ரெண்டும் ஒரே தியாகம் ஆயிடுமுங்களா? முன்னது பங்காளிச் சண்டையில சமாதானம். எங்க ஊர்ல பஞ்சாயத்துல அதை மாசத்துக்கு ஒண்ணு பாக்கறோம். பின்னதுதான் கதையா நிக்கும்.

படத்தை விரும்பறவங்க இதுக்கு ரெண்டு பதில் சொல்லுவாங்க. ரெண்டும் நியாயமாத்தான் தெரியும், அதனால ரெண்டையும் எடுத்துக்கறேன்.

முதல் பதில், சரித்திரம். நெசமான உத்தம சோழன் செம்பியன் மாதேவி பெத்து வளர்த்த பிள்ளைதான். குழந்தை மாத்தினது கல்கியோட கற்பனை. அதனால படம் சரித்திரத்துக்குக் கிட்டே போயிருக்குதுன்னு சொல்லுவாங்க. சரிங்க, ஆனா நந்தினி யாரு? அவளும் கல்கி கற்பனைதான். ஊமை ராணியும் கற்பனை. அவங்க ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு, அதுவும் ஐஸ்வர்யா ராயையே ரெண்டு வேஷமும் போடவெச்சு, படத்தோட அச்சாணியே அவங்கன்னு ஆக்கிட்டு, பூக்காரன்கிட்ட வரும்போது மட்டும் சரித்திரத்தைக் காட்டினா எப்படி? கற்பனைன்னு கழிக்கறதா இருந்தா எல்லாத்தையும் கழிக்கணும். அரண்மனைக் கற்பனை தங்குச்சு, தோட்டத்துக் கற்பனை போச்சு.

ரெண்டாவது பதில், நேரம். ரெண்டு பாகமும் சேர்ந்து அஞ்சரை மணி நேரம். அதுக்குள்ள ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல போற நாவலை அடைக்க முடியாதுன்னு சொல்லுவாங்க. அது வாஸ்தவம். கடம்பூர் சம்புவரையர் மகள் மணிமேகலையையும் எடுத்துட்டாங்க. வந்தியத்தேவனுக்காகக் கொலைப்பழியைத் தன் தலையில போட்டுக்கிட்ட பொண்ணு. வருத்தம்தான், இருந்தாலும் நேரமில்லைன்னா ஒத்துக்கலாம். ஆனா நாவல்ல இல்லாத ராஷ்டிரகூடர் போர் ஒண்ணு படத்தோட கடைசியில வருதே, அதுக்கு மட்டும் நேரம் எங்கிருந்து வந்தது? குதிரையும் யானையும் புழுதியும் பறக்கறதுக்கு இருந்த நேரம், ஒரு தாய் தன் பிள்ளையை இருபது வருஷம் கழிச்சு அடையாளம் கண்டுக்கறதுக்கு இல்லாமப் போச்சு. இது நேரப் பிரச்சினை இல்லீங்க, எதைப் பெருசுன்னு நினைக்கறோம்ங்கற பிரச்சினை.

சனங்களுக்குப் போர்தான் பிடிக்கும், பூக்காரன் கதையை யார் பாப்பாங்கன்னும் சிலர் சொல்லலாம். அதுவும் தப்புக் கணக்குன்னு ஓடின படங்களே சொல்லுது. 'பாகுபலி' முதல் பாகம் 2015ல வந்தது, ரெண்டாவது 2017ல. அந்த ரெண்டு வருஷமும் நாடே கேட்டுட்டிருந்த கேள்வி எது? கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்னார்னுதான். கட்டப்பா ராஜாவா? அரண்மனைக்கு அடிமை. மகிழ்மதியோட தங்கச் சிலை, அருவி, போர் எல்லாத்தையும் ரெண்டாம் பாகம் வரைக்கும் இழுத்துட்டு வந்தது ஒரு அடிமையோட கதைப் புரி. கதையைச் சொல்றதே அவர் வாயாலதான்.

வெளிநாட்டுலயும் அப்படித்தான். 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ரெண்டாவது படம் 'த டூ டவர்ஸ்' 2002ல வந்தது, பீட்டர் ஜாக்சன் எடுத்தது. அங்கயும் முதல் படத்துல ஒண்ணா இருந்த கூட்டம் பிரிஞ்சு மூணு வழியாப் போகுது. ஒரு பக்கம் கோட்டையில பெரிய போர். ஒரு பக்கம், தன் இனத்தை வெட்டிச் சாய்ச்சவன் மேல மரங்களே கோவிச்சுக்கிட்டுப் படையெடுத்துப் போகுது. மூணாவது பக்கம் மோதிரத்தைத் தூக்கிட்டு ரெண்டு சின்ன ஆளுங்க நடக்கறாங்க. அதுல ஒருத்தன், சாம், யாரு? மத்தவனோட தோட்டக்காரன். மூணு புரியையும் கடைசியில சேர்த்துக் கட்டற மாதிரி பேச்சு வருதே, அது ராஜா பேசலை, மந்திரவாதி பேசலை, அந்தத் தோட்டக்காரன்தான் பேசறான். வெள்ளைக்காரன் எடுத்த கதையில தோட்டக்காரனுக்கு இடம் இருக்குது. காவேரிக்கரையில நடக்கற கதையில இல்ல.

இதை நான் இவ்வளவு பிடிச்சுத் தொங்கறதுக்கு இன்னொரு காரணம், எங்க மண்ணுலயே ஒரு பெருங்கதை இருக்குது. பொன்னர் சங்கர் கதை, அண்ணன்மார் கதைன்னு சொல்லுவோம். கலைஞர் எழுதின நாவலை வெச்சு 2011ல தியாகராஜன் படமாவும் எடுத்தார், பிரசாந்த் ரெட்டை வேஷம். ஆனா அது நாங்க சினிமாவுல தெரிஞ்சுக்கிட்ட கதை இல்ல. உடுக்கையடிப் பாட்டுல ராத்திரி ராத்திரியாக் கேட்டு வளர்ந்த கதை. பிரெண்டா பெக்னு கனடா நாட்டு அம்மா ஒருத்தர் 1960கள்ல கொங்கு நாட்டுக்கு வந்து, பாடறவங்க வாயால அதைப் பதிவு பண்ணிட்டுப்போயி, 1982ல இங்கிலீஷ்ல புஸ்தகமே போட்டாங்க.

அதுலயும் புரி ஏராளம். குன்னுடையாக் கவுண்டரும் தாமரையும் பிள்ளையில்லாமப் பட்ட பாடு, பங்காளிங்க பண்ற கொடுமை, தலையூர்க் காளியோட பகை, காட்டுப்பன்னி கொம்பன், தங்கை அருக்காணி நல்லதங்காள், கூடவே நிக்கற சாம்புகன். பாடறவர் ஒவ்வொரு ராத்திரியும் முதல்ல, நேத்து எந்த ஆளை எந்த இடத்துல விட்டோம்னு ஞாபகப்படுத்திட்டுத்தான் ஆரம்பிப்பார். ஒரு புரியை எடுத்தா அது ஒரு முடிச்சுக்கு வர்ற வரைக்கும் கீழே வெக்க மாட்டார். ராத்திரி குறைஞ்சாலும் கதையைச் சுருக்குவாரே ஒழிய ஆளைக் குறைக்க மாட்டார்.

முக்கியமா ரெண்டு பேரை. ஒண்ணு சாம்புகன். அவர் ராஜா இல்ல, அண்ணன்மாருக்கு ஏவல் செய்யறவர், பறை அடிக்கறவர். ஆனா அவர் இல்லாமப் பாடிட்டு ஒருத்தர் ஊரை விட்டுப் போயிட முடியாது. அண்ணன்மார் கோயில்ல போயிப் பாருங்க, அவருக்கும் சிலை நிக்கும். இன்னொண்ணு தங்கை. அண்ணன்மார் ரெண்டு பேரும் போர்க்களத்துல விழுந்தப்புறம் கதை முடிஞ்சுடலை. அவ அழுதுட்டே தேடிப் போயி எழுப்பறா. வீரப்பூர்லயும் இன்னும் பல ஊர்லயும் படுகளம் நடக்கும்போது, ஆளுங்க செத்த மாதிரி விழுந்து கிடப்பாங்க, தங்காள் வந்து தண்ணி தெளிச்சாத்தான் எந்திரிப்பாங்க. ஆம்பளைங்க வீரமெல்லாம் முடிஞ்ச இடத்துல, அதுவரைக்கும் வீட்டுக்குள்ள இருந்த பொண்ணு கதையை முடிச்சு வெக்கறா. படிக்காத சனம் பாடி வெச்ச கதைக்கு இந்த நியாயம் தெரிஞ்சிருக்குது. சின்ன ஆளை நடுவுல விட்டுட்டா கடைசியில முடிச்சுப் போடக் கயிறு இருக்காது.

பொன்னின்னா காவேரி. அந்தக் காவேரி மேட்டூர்ல இருந்து எங்க ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் வழியாத்தான் சோழ நாட்டுக்குப் போகுது. ஜேடர்பாளையத்துல பிரியற ராஜவாய்க்கால் தண்ணியில வெத்தலைக் கொடியும் வாழையும் வருது. பரமத்தி வேலூர்ல பூ ஏலச் சந்தை இருக்குது. விடியறதுக்கு முன்னாடி தலையில லைட்டைக் கட்டிட்டு அரும்பு பறிச்சு, வெயில் ஏறறதுக்குள்ள கொண்டுவந்து கொட்டற சனத்தை அங்க பாக்கலாம். கல்கி அவங்கள்ல ஒருத்தனைக் கூப்பிட்டு சோழ சிம்மாசனத்துல உக்காரவெச்சார். பொறப்பால அவன் ராஜா வீட்டுப் பிள்ளைதானேன்னு நீங்க கேக்கலாம். ஆமாங்க. ஆனா வளர்ந்தது தோட்டத்துல. அவனோட குணம் மொத்தமும் அந்தத் தோட்டமும் பேச்சு வராத ஒரு தாயும் கொடுத்தது. அரண்மனையில வளர்ந்தவனைவிடத் தோட்டத்துல வளர்ந்தவன் நல்ல ராஜாவா இருப்பான்னு 1954லயே ஒருத்தர் எழுதி வெச்சுட்டுப் போயிருக்கார். எழுபது வருஷம் கழிச்சு, கோடி கோடியாப் பணம் போட்டு எடுத்த படம் அந்த வரைக்கும் போகத் துணியலை. படத்துல ஆத்துக்குன்னு இருக்கறது ஒரு பாட்டும், பேரும்தான்.

டவுன்ல இருக்கற உங்ககிட்ட இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்குது. உங்க பிள்ளைங்க இனிமே இந்தக் கதையைப் படத்துல பாத்துத்தான் தெரிஞ்சுக்கும். எங்க பிள்ளைங்களும் அப்படித்தான். உடுக்கையடிக்கறவங்களையும் இப்ப ஒரே ராத்திரியில முடிச்சுக் கொடுங்கன்னுதான் கேக்கறாங்க. பாத்த கதையில எல்லா முடிவையும் அரண்மனையே எடுக்குது, தோட்டத்துக்காரன் பூவைக் கொடுத்துட்டு ஓரமா நிக்கறான்னா, அதுதான் உலகம்னு பிள்ளைங்க எடுத்துக்கும். அதைத்தான் நான் ஏத்துக்க முடியலைங்கறேன்.

கல்கி எழுத்து நாட்டுடைமை ஆனது. பல பதிப்பகம் போட்டிருக்காங்க, புத்தகக் கண்காட்சியில விலை மலிவாவே கிடைக்குது. அஞ்சு பாகமும் படிக்க நேரமில்லைன்னா, படம் பாத்த பிள்ளைக்கு அஞ்சாம் பாகம் 'தியாக சிகரம்' மட்டுமாவது வாங்கிக் கொடுங்க. படத்துல கதை தெரிஞ்சிருக்கறதால தடுமாறாம உள்ள போயிடுவாங்க. படிச்சு முடிச்சதும், ராஜாவா யார் வந்திருக்கணும்னு ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க.

நாளைக்கு யாராவது இதை வெப் சீரிஸா எடுக்க வந்தாங்கன்னா, அவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். போரைப் பாதியாக் குறைச்சாலும் பரவாயில்லைங்க, அமுதனையும் வாணியையும் பூங்குழலியையும் முழுசா விடுங்க.

அடுத்த பதிவு மறுபடியும் மரவள்ளிதான். மாவுப்பூச்சி வந்திருக்குது.